உப்புத் தண்ணீருக்குப் பஞ்சம் வந்த வருஷம்

வெள்ளம் வடிந்த பிறகு கிடக்கிற சேற்றுக்கென்று ஒரு வாடை உண்டு. டீசல், அழுகின இலை, செத்த கோழி, யார் வீட்டிலிருந்தோ உருண்டுவந்த பிளீச் டப்பா எல்லாம் சேர்ந்த வாடை. 2024 அக்டோபர் முழுக்க எங்கள் மருத்துவமனை நடைவழியில் அந்த வாடைதான். நோயாளிகளின் பூட்ஸில் ஒட்டிவந்த சேறு காய்ந்து, நடக்க நடக்கப் பொடியாக உதிரும். துப்புரவு வேலை பார்த்த அம்மாள் முணுமுணுக்காமல் பெருக்கிக்கொண்டே இருப்பார். அவர் வீட்டுக்குள்ளும் அதே சேறுதான், முழங்கால் உயரத்துக்கு.

வட கரோலினாவின் மேற்கே, புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் நான் நர்ஸ். மதுரையில் படித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள். இங்கத்து மலைக்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் இழுத்து, ராகம் போட்டுப் பேசுவார்கள். வலியைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால், இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவர்கூட "ஒரு நாலு இருக்கும்" என்பார். முகத்தைப் பார்த்து நாம்தான் மிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடலிலிருந்து எத்தனையோ நூறு மைல் தள்ளி, மலைமேல் இருக்கிறவர்களைப் புயல் என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் ஃப்ளோரிடாவில் கரையேறியது. அதற்கு முன்பே எங்கள் மலைகளில் இரண்டு நாள் அடைமழை. மண் குடித்தது போதும் என்று கைவிட்டிருந்தது. விடியற்காலை காற்று வந்தது. மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனது, ஜெனரேட்டர் உறுமியது, செல்போன் செத்தது. ஓல்ட் ஃபோர்ட் ஊருக்குள் தண்ணீர் என்றார்கள், ஸ்வானனோவாவில் வீடுகள் மிதந்து போகின்றன என்றார்கள், சிம்னி ராக் கடைத்தெருவே இல்லை என்றார்கள், நெடுஞ்சாலை பெயர்ந்து ஆற்றில் விழுந்துவிட்டது என்றார்கள். எதை நம்புவது என்று யோசிக்க நேரமில்லை. படகில் வந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள், கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். இரவு வேலைக்கு வந்த நாங்கள் பகல் வேலைக்காரர்கள் வராததால் அப்படியே நின்றோம். பிறகு அடுத்த இரவுக்கும் நின்றோம். வட கரோலினாவில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்த கணக்கு. அந்தக் காலை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த ஸ்ட்ரெச்சர்தான்.

என்னோடு அந்த இரவு வேலை பார்த்த ஒருத்தியின் கணவர் நார்த் கோவ் தொழிற்சாலையில் இருக்கிறார். மேரியன் ஊருக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே ஒடுங்கின பள்ளத்தாக்கு அது. கடாபா ஆற்றின் வடகிளை பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கேதான் பாக்ஸ்டர் நிறுவனம் சலைன் பைகள் செய்கிறது, நரம்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர். மெக்டவல் கவுன்ட்டியில் வேறெந்த இடமும் அத்தனை பேருக்கு வேலை கொடுப்பதில்லை. 2,500 பேருக்கு மேல். அப்பாவும் மகனும் வெவ்வேறு ஷிஃப்டில் போகிற குடும்பங்கள் உண்டு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளுக்கு ஆள் மூலம் சேதி வந்தது. கணவரும் பிள்ளைகளும் பத்திரம். வீட்டில் கூரை பாதி இல்லை. அதைச் சொல்லிவிட்டு, கையில் இருந்த சலைன் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தொழிற்சாலைக்குள்ள தண்ணி வந்திருச்சாம். பாலமும் போயிருச்சாம்."

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்துவிட்டது. பையைத் தொங்கவிடாமல் மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அந்த ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம் பைகள் செய்துகொண்டிருந்தது. அமெரிக்கா முழுக்க மருத்துவமனைகளில் ஏற்றப்படும் திரவங்களில் ஏறத்தாழ 60 சதவீதம். கலிஃபோர்னியாவில் பிள்ளை பெறுகிறவளுக்கும், டெக்ஸஸில் விபத்தில் அடிபட்டவனுக்கும், பாஸ்டனில் அறுவை மேசையில் கிடப்பவருக்கும் நரம்பில் இறங்கின தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து போனது. தடுப்புக்கரை உடைந்து ஆறு உள்ளே புகுந்த அன்று அத்தனையும் நின்றது.

ஊரில் அம்மாவோடு பேச முடிந்தபோது, உயிரோடு இருக்கிறேன் என்று அழுது முடித்த பிறகு இதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "குளுக்கோஸ் பாட்டிலாம்மா இல்ல? அமெரிக்காவுலயா?" என்றார். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், மூலைக்கு மூலை இருக்கிற கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சலுக்கே ஒரு பாட்டில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றாவிட்டால் டாக்டர் சரியில்லை என்பார்கள். அம்மாவுக்கு எப்படி விளங்க வைப்பேன்?

ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு. மற்றதெல்லாம் தண்ணீர். சமையலறையில் கலக்கிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நரம்பில் ஏறுகிற தண்ணீரில் ஒரு கிருமி இருக்கக்கூடாது. செத்த கிருமியின் எச்சம்கூட இருக்கக்கூடாது, குளிர்க்காய்ச்சல் கண்டுவிடும். அப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்து, பையில் அடைத்து, வேகவைத்து, மாதிரி எடுத்து நாள்கணக்கில் சோதித்து வெளியே விடுவதற்குக் கோடிக்கணக்கில் பணம் போட்ட ஆலை வேண்டும். விற்கிறதோ சில டாலருக்கு. லாபம் மெலிந்த, சுமை கனத்த இந்த வியாபாரத்தில் நான்கைந்து பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன: பாக்ஸ்டர், பி. பிரான், ஐசியு மெடிக்கல், ஃபிரசீனியஸ் காபி. மருத்துவமனைகள் கூட்டாகச் சேர்ந்து பேரம் பேசி, பெரும்பாலும் ஒரே இடத்தில் வாங்குவதாக ஒப்புக்கொண்டு விலையைக் குறைத்துக்கொள்கின்றன. கிடங்கில் அடுக்கி வைப்பது வீண்செலவு, வேண்டும்போது லாரி வந்துவிடும். எல்லாம் கணக்காகத்தான் இருந்தது, ஆறு கரை உடைக்கிற வரைக்கும்.

மதுரையில் மாணவியாக இருந்தபோது வார்டு சிஸ்டர் பாஸ்புக்கைக் கையில் கொடுத்து ஸ்டோருக்கு அனுப்புவார். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு அது. மருந்து மாவட்டக் கிடங்கில் முன்கூட்டியே இருக்கும். எடுத்தது பாஸ்புக்கில் ஏறும். வரிசையில் நின்று கால் கடுக்க, இந்தப் பழுப்புக் காகிதக் கட்டு எதற்கு என்று சலித்துக்கொள்வோம். கிடங்கு என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று புரிந்துகொள்ள நான் வட கரோலினா வரை வரவேண்டியிருந்தது.

பாக்ஸ்டரிலிருந்து எங்களுக்கு வழக்கமாக வரும் பைகளில் 40 சதவீதம்தான் இனி வரும் என்று முதலில் சொன்னார்கள். வேறு நிறுவனத்தில் கேட்டால், எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கே பங்கு போட்டுக் கொடுக்கிறோம், புதியவர்களுக்கு இல்லை என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கதவைத் திறந்தால் நாடே உள்ளே வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். காலையில் மருந்தகப் பொறுப்பாளர் ஒரு அட்டையோடு வார்டு வார்டாக வருவார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி எப்போதும் வழுகிக்கொண்டிருக்கும். எத்தனை பை தொங்குகிறது, யாருக்கு, ஏன் என்று கேட்டு எழுதுவார். அதட்டமாட்டார். "இவருக்கு வாயால முடியாதா?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்காக அவரை வெறுத்தவர்கள் உண்டு. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அவர் அட்டையை மடியில் கவிழ்த்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சத்தமில்லாமல் அடுத்த படிக்கட்டு வழியே போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிற பெரியவர் ஒருவர் வந்தார். கிணற்று மோட்டார் ஓடாததால் ஓடைத் தண்ணீரைக் குடித்து, வாந்தியும் பேதியுமாகத் துவண்டிருந்தார். நாக்கு வறண்டு, தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே நின்றது. மற்ற நாளாக இருந்தால் யோசிக்காமல் ஒரு லிட்டர் ஏற்றியிருப்போம். அன்று அவர் மனைவியிடம் ஒரு தேக்கரண்டியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், கடிகாரமும் கொடுத்தோம். அந்த அம்மாள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். ஒரு கரண்டி. காத்திருப்பார். இன்னொரு கரண்டி. அவர் வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கணவரின் உதட்டோரத்தில் வழிந்ததைத் தன் புறங்கையால் ஒற்றி எடுப்பார். வெளியே ஹெலிகாப்டர் இறங்கும் சத்தத்துக்குக் கட்டில் அதிரும்; கரண்டி மட்டும் சிந்தாது. விடியும்போது பெரியவர் கண் திறந்து, "என் பேரன் குடிக்கிற கலர்த் தண்ணிக்கா இவ்வளவு பாடு?" என்றார். அம்மாள் அப்போதுதான் அழுதார்.

அது நன்றாக முடிந்தது. எல்லாம் அப்படி முடியவில்லை. சிறுநீரகம் செயலிழந்த ஒரு பெண், வீட்டிலேயே இரவில் வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளப் பயிற்சி எடுக்கவிருந்தாள். அந்தத் திரவமும் நார்த் கோவில்தான் தயாரானது. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்களுக்குப் போதவேண்டும் என்பதால் புதியவர்களை நிறுத்திவைத்தார்கள். நியாயம்தான். ஆனால் அவள் வாரம் மூன்று நாள், பாதி பெயர்ந்த மலைப்பாதையில், யாராவது வண்டி ஓட்டிக் கூட்டிவந்தால்தான் டயாலிசிஸ் மையத்துக்கு வரமுடியும். ஒருநாள் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது கால் வீங்கி, மூச்சு இரைத்து, ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "பாதைய சரி பண்ணிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? பண்ணிவிடுவார்கள் என்றேன். அவள் பிழைத்தாள். ஆனால் அந்தக் கேள்வியை என்னைக் கேட்க வேண்டிய இடத்தில் அவள் இருந்தாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூட்டு அறுவை, புரோஸ்டேட் அறுவை எல்லாம் தள்ளிப்போயின. உள்ளே கழுவவே பெரிய பெரிய பைகள் வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஊர் மட்டுமில்லை. பாஸ்டனில் மாஸ் ஜெனரல் பிரிகாம் போன்ற பெரிய மருத்துவமனைக் குழுமமே அவசரமில்லாத அறுவைகளை ஒத்திவைத்தது. அவசரமில்லாத அறுவை என்று அறிக்கையில் எழுதுவது சுலபம். முழங்கால் வலியோடு இடிந்த வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவரிடம் போனில் அதைச் சொன்னவள் நான். "பரவாயில்ல, என்னைவிட மோசமா எவனாவது இருப்பான், அவனுக்குக் குடுங்க" என்றார். வலி எவ்வளவு என்று கேட்டேன். நாலு என்றார்.

கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தோம். அதையும் சொல்ல வேண்டும். மரம் அறுக்கப் போய்க் காலில் வெட்டுப்பட்டு, சேற்றுத் தண்ணீரில் நின்றே வேலை செய்து, இரத்தத்தில் நஞ்சேறி ஒரு பையன் வந்தான். இரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனது. ஒருவரும் மருந்தகத்தைக் கேட்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பக்கமும் பை, பிதுக்கிப் பிதுக்கி உள்ளே தள்ளினோம், காலியானதைத் தரையில் போட்டோம், அடுத்ததைக் கிழித்தோம், இன்னொன்று, இன்னொன்று. மூக்குக் கண்ணாடிக்காரரே கை நிறையப் பைகளை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

எனக்கு இது முதல் பஞ்சம் இல்லை. 2014-ல் சளிக்காய்ச்சல் காலத்தோடு சலைன் தட்டுப்பாடு வந்து, நார்வேயிலிருந்து வரவழைத்தார்கள் என்று மூத்த நர்ஸுகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2017 நான் பார்த்தது. அப்போது ஷார்லட் நகரில் இருந்தேன். செப்டம்பர் 20 அன்று மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டது. மருந்து கலந்து ஏற்றுகிற சின்னப் பைகள், 50 மில்லி, 100 மில்லி, அங்கேதான் தயாராகிவந்தன. தீவில் மின்சாரம் இல்லை, பைகள் வரவில்லை. ஆன்டிபயாடிக்கைச் சிரிஞ்சில் கலந்து கையாலேயே ஏற்றச் சொன்னார்கள். வேகமாகத் தள்ளக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் மில்லி மில்லியாக அழுத்த வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு கட்டிலருகிலும் அப்படி நிற்பேன். பையை மாட்டிவிட்டு ஓடுகிறவளுக்கு நோயாளியின் முகம் தெரியாது. நின்றே ஆகவேண்டும் என்று வந்தபோது முகங்கள் தெரிந்தன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், தலையணைக்கடியில் ஜெபமாலை வைத்திருப்பவர். ஒரு போர்ட்டோ ரிக்கோ பாட்டி விழித்தே கிடப்பார். அவருடைய தங்கை தீவில் இருந்தாள், ஒரு தகவலும் இல்லை. மருந்து ஏறி முடிகிற வரை என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் ஏதோ சொல்வார். எனக்குப் புரிந்ததெல்லாம் தங்கையின் பெயர் மட்டும்தான். அந்தப் புயலில் தீவில் இறந்தவர்கள் 2,975 பேர் என்று அரசு பிறகு ஒப்புக்கொண்டது. தங்கை என்ன ஆனாள் என்று கேட்பதற்குள் பாட்டியை வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்போதும் எல்லோரும் பேசினார்கள். ஒரே தீவை நம்பலாமா என்று எழுதினார்கள். பிறகு பைகள் வந்தன, பேச்சு நின்றது.

2024-ல் எங்கள் சேறு காய்வதற்குள் மில்டன் புயல் வந்தது. இன்னொரு பெரிய நிறுவனமான பி. பிரானின் ஆலை ஃப்ளோரிடாவில் டேட்டோனா பீச்சில் இருக்கிறது. நாட்டின் சலைனில் கால்பங்குக்குப் பக்கத்தில் அந்த நிறுவனத்துடையது. புயலுக்கு முன்பே 60 லாரிகளுக்கு மேல் பைகளை ஏற்றி வடக்கே பத்திரமான இடத்துக்கு ஓட்டிப்போனார்கள். அக்டோபர் 9 இரவு நர்ஸ் அறையில் டிவியைச் சுற்றி நின்றோம். வேறு மாநிலத்துப் புயலை, சொந்தப் பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம். ஆலை தப்பியது. யாரோ ஒருவர் கைதட்டினார். வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை, அவ்வளவு களைப்பு.

நார்த் கோவ் எழுந்தது அங்கே வேலை செய்தவர்களால். என் தோழியின் கணவர் பாதிக் கூரைக்கு நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு அடுத்த நாளே அங்கே போனார். தற்காலிகப் பாலம் போட்டார்கள். அதன்மேல் முதல் லாரி, வெள்ளத்துக்கு முன் செய்து வைத்திருந்த பைகளை ஏற்றிக்கொண்டு போனது. உள்ளே மண்வெட்டியால் சேறு அள்ளினார்கள். சாதாரணத் தொழிற்சாலை என்றால் கழுவிவிட்டால் போதும். இங்கே கழுவினதைச் சோதித்து, சோதித்ததை மறுபடி சோதித்து, சுவரிலும் குழாயிலும் ஒரு கிருமி இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். இரவில் அவர் வீடு திரும்பும்போது குளிக்கத் தண்ணீர் இருக்காதாம். நாட்டுக்கே சுத்தமான தண்ணீர் செய்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு, வாளியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் முகம் கழுவியதாக அவள் சொன்னாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு தயாரிப்பு வரிசை ஓடத் தொடங்கியது. அதற்கிடையில் கனடாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் பைகளைக் கொண்டுவர அனுமதி கொடுத்திருந்தார்கள். பழக்கமில்லாத லேபிளை இரண்டு பேர் சேர்ந்து வாசித்த பிறகே மாட்டினோம். மறுவருஷம் பிறந்த பிறகுதான் மருந்தகப் பொறுப்பாளர் அட்டை இல்லாமல் வார்டுக்குள் வந்தார். வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

2018 முதல் அரசின் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்த சலைன், 2025 ஆகஸ்டில் அதிலிருந்து நீக்கப்பட்டது. நல்ல சேதிதான். சில நல்ல பழக்கங்களும் ஒட்டிக்கொண்டன. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இப்போது கோப்பையைத்தான் கொடுக்கிறோம். பாதிக்கு மேல் தேவையில்லாமலே ஏற்றிக்கொண்டிருந்தோமோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. ஆனால் ஆலை அதே பள்ளத்தாக்கில், அதே ஆற்றங்கரையில் இருக்கிறது. நிறுவனங்கள் அதே நான்கைந்துதான். பையின் விலை இன்னும் சில டாலர்தான். குறைந்த விலைக்கு வாங்குகிற ஒவ்வொரு கையெழுத்தும் கெட்டிக்காரத்தனம் என்றே இன்னும் பாராட்டப்படுகிறது. அது மிச்சப்படுத்தின காசுக்கு, கரண்டியும் கையுமாக இரவெல்லாம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளும், வீங்கின காலோடு பாதையைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணும் விலை கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை, அதனால் நீக்கவும் படவில்லை.

எங்கள் மருத்துவமனையில் பொருள் வாங்கும் குழுக் கூட்டத்துக்கு இப்போது நர்ஸுகள் சார்பில் நான் போகிறேன். அங்கே கோட்டு போட்டவர்கள் விலைப்பட்டியலைத் திரையில் காட்டுவார்கள். நான் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி கேட்பேன். இது எந்த ஊரில் செய்தது? அந்த ஊர் முழுகிவிட்டால் வேறு எங்கிருந்து வரும்? முதல் கேள்விக்கே பலருக்குப் பதில் தெரியாது; கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன். நான் கையைத் தூக்கும்போது சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளிக்கட்டும்.